அம்சவேணி அம்மாளின் டிரங்க் கால்கள்

காதர் மைதீன் ராவுத்தரின் ஏலக்காய் மண்டியில், கம்பியை எவனோ அறுத்துக்கொண்டு போய்ப் பல வருடங்கள் ஆகி, சாம்பிராணிக் கரண்டி வைப்பதற்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்த கறுப்பு டெலிபோன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மணி அடித்தபோது, ராவுத்தர் தலையைக்கூடத் தூக்காமல், "யாராவது எடுங்கம்மா" என்றார். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்துக் கேட்டுவிட்டு, "பி.பி. காலாம், ராவுத்தரோட மட்டுந்தான் பேசுவாகளாம்" என்றாள். அவர் எழுந்து வந்து, "ராவுத்தர்தான் பேசுறேன்" என்றார். குரல் யாருடையது என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

மேலச்சுனையில் இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை, சொல்லத் தெம்பு இல்லை என்பதுதான் உண்மை. மேற்கே மலை இருந்தும் மழை இல்லை, ஏலக்காய்க்கு விலை இல்லை, குழாயில் தண்ணீர் வரும் நாளைத் திருவிழா நாள்போல விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, படித்த பிள்ளைகள் கோயம்புத்தூர் பக்கம் போனவர்கள் போனவர்கள்தான். இதற்கெல்லாம் ஆச்சரியப்படாத ஊர், செத்துப்போன டெலிபோன் பேசுகிறது என்பதற்கு மட்டும் எழுந்து உட்கார்ந்து வாயைப் பிளக்குமா? பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்தக் குரல் அம்சவேணி அம்மாளுடையது. தபாலாபீஸுக்குப் பின்னால் இரண்டு அறைக் கட்டடத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்த காலத்தில், தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பலகையில் வயர்களைச் செருகி உருவி, எங்கள் ஊரை மதுரையோடும் குமுளியோடும் பம்பாயோடும் சேர்த்துவைத்தவர் அவர்தான். எங்கள் சங்கதிகள் அத்தனையும் அவர் விரல் வழியாகத்தான் போயின. யார் மகள் யாரோடு போனாள், எந்த மாப்பிள்ளைக்கு வலிப்பு நோய், எந்த முதலாளி ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடப்போகிறார், சவூதியில் இருக்கிற எவன் பெண்டாட்டி குரலைக் கேட்டதும் பேச்சு வராமல் அழுதே நேரத்தைத் தீர்த்தான் என்று எல்லாம் அவருக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வந்ததில்லை. தெருவில் எதிரே வந்தால் நாங்கள்தான் கூச்சப்பட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்வோம், அவர் "சாப்பாடு ஆச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார். கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், ஒரே மகள் வசுமதி. எக்ஸ்சேஞ்சை மூடியதும் ஓய்வுபெற்று, வடக்குத் தெரு வீட்டில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எழுபது தாண்டியதும் மறதி நோய் வந்தது.

டெலிபோனில் வந்த குரலுக்கு அந்த மறதி கிடையாது, வயதும் கிடையாது. முப்பது வயது அம்சவேணி, வேலை பார்க்கிற குரலில், "டிரங்க்ல இருந்து பேசுறேங்க, காதர் மைதீன் ராவுத்தர்தானே?" என்று ஆளை உறுதிசெய்துகொண்டு, பிறகு தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொன்னார். ராவுத்தருக்குச் சொன்னது, சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா புதன்கிழமைச் சந்தையில் சிவப்புச் செருப்பு வாங்கிக்கொடுத்த கதை. வளர்கிற கால்தானே என்று ஒரு அளவு பெரிதாக வாங்கி, நுனியில் பஞ்சை வைத்து அடைத்து, இரண்டு வருடம் போட்டுக்கொண்டு நடந்தாராம். ராவுத்தர் சாயங்காலமே அவரைப் பார்க்கப் போய், பேச்சோடு பேச்சாக உங்கள் அப்பா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவாராமே என்று கேட்டார். "எங்கப்பாவுக்குச் சந்தைக்குப் போற பழக்கமே இல்லியே" என்றார் அம்சவேணி அம்மாள், சுத்தமாக, கள்ளமில்லாமல். அந்தச் செருப்பு இனி ராவுத்தரிடம்தான் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

அதற்குப் பிறகு மருந்துக்கடை ஜெயபாண்டி வீட்டில் அடித்தது, பலசரக்குக் கடையில் அடித்தது, பழைய எஸ்.டி.டி. பூத்தை வாடகைக்கு எடுத்துத் தையல் கடையாக்கி, கண்ணாடிக் கூண்டை அளவு பார்க்கிற மறைவாக வைத்திருக்கும் டெய்லர் பாக்கியத்தாயியின் கடையில், ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்யாணப்பெண்ணின் காதோரம் அடித்தது. எப்போதும் பி.பி. கால்தான். இன்ன ஆள்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிப் போடும் கால், வேறு யார் எடுத்தாலும் விஷயம் வராது. எந்த ஞாபகம் யாருக்கு என்று அவர் எப்படிப் பிரித்தார் என்று எங்களுக்குப் புரியவில்லை. பிரசவ வலியைக் கல்யாணமே ஆகாத கணக்குப்பிள்ளைக்குச் சொன்னார், மனிதர் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்.

ஊருக்கு எதையும் பழக்கமாக்கிக்கொள்ளத் தெரியும். பரணில் கிடந்த கறுப்பு டெலிபோன்கள் இறங்கின, எலுமிச்சம்பழத் தோலால் தேய்க்கப்பட்டன, சரஸ்வதி பூஜை அன்று அவற்றுக்குச் சந்தனப் பொட்டும் விழுந்தது. எழுந்து நின்று எடுக்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, கேட்டதைக் கட்டிய பெண்டாட்டியிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு ஒழுங்கு யாரும் சொல்லாமலே உண்டாயிற்று. எங்களுடையதை அவர் சொல்லவில்லை, அவருடையதை நாங்கள் எப்படிச் சொல்வது? போன் வராத வீட்டுக்காரர்களுக்குப் பொறாமை வந்தது. கட்சியின் நகரச் செயலாளர் தன் வீட்டு டெலிபோனைத் தலைவர் படத்துக்குக் கீழே வைத்துக் காத்திருந்து காத்திருந்து, அந்த அம்மாவுக்கு எதிர்க்கட்சிப் பாசம் என்று கடைசியில் முடிவு கட்டினார். போன் வந்த குடும்பம் என்று பெண் பார்க்கிற இடத்தில் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு.

ஒரு தப்பும் செய்தோம். அந்தக் காலத்து டிரங்க் காலில், "மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கவா?" என்று ஆபரேட்டர் குறுக்கே வந்து கேட்பார், நாங்கள் பழக்கதோஷத்தில் "நீட்டிங்கம்மா" என்போம். பலசரக்குக் கடை சீனியம்மாளும் அப்படித்தான் மரியாதைக்காக நீட்டிக்கச் சொன்னாள், கேட்க ருசியாக இருந்ததால் இன்னொரு முறையும் நீட்டச் சொன்னாள். அன்று மாலை அம்சவேணி அம்மாள் தன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, இது யார் வீடு, நான் எந்தப் பக்கம் போகணும் என்று அழுதார். அதன் பிறகு அவர் கேட்டால் "போதும்மா, வச்சிரலாம்" என்று சொல்ல எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

இன்னொன்றும் தெரிந்தது. ஜெயபாண்டி கண் ஆபரேஷனுக்காக மதுரையில் இருந்தபோது அவருக்குக் கால் வந்தது. ஆள் ஊரில் இல்லை என்று அவர் மனைவி சொன்னதும், "சரிங்க, பெண்டிங்ல வைக்கிறேன்" என்றது குரல். ஜெயபாண்டி திரும்பி வரும்வரை, ஹாஸ்டல் மொட்டைமாடியில் கற்றுக்கொண்ட ஒரு கும்மிப் பாட்டை அம்சவேணி அம்மாள் பாடிக்கொண்டே இருந்தார். ஜெயபாண்டி வந்து போனை எடுத்தார், அன்று சாயங்காலம் பாட்டு பாதி வரியில் நின்றுபோனது. எடுக்காதவரைக்கும் அவரிடமே இருக்கும் என்று அப்போது புரிந்தது. அப்படியானால் எடுக்காமலே இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருந்து பார்த்தோம். அவர் விடாமல் கூப்பிடுவார். நாமே எடுத்து நாம் இல்லை என்று சொல்லவும் முடியாது, குரலைக் கேட்டதும் ஆளைச் சொல்லிவிடுவார். வீட்டில் வேறு யாரையாவது விட்டுச் சொல்லச் சொன்னால், காலம் முழுக்க எங்களுக்காகக் காத்திருந்த ஒருத்தியை இப்படிக் காக்க வைக்கிறோமே என்று நெஞ்சு அறுக்கும். ஒரு நாள் பொறுப்போம், இரண்டு நாள் பொறுப்போம், அப்புறம் களைத்துப்போய் எடுத்துவிடுவோம்.

வசுமதிக்கு இது எதுவும் தெரியாது. அவள் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தவள், அம்மாவுக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு வந்து, குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றி, கதவைப் பூட்டி, பூட்டிய கதவைத் தட்டுகிற அம்மாவைச் சமாதானப்படுத்தி, மிச்சமிருக்கிற நேரத்தில் எழுதினாள். 'என் அம்மாவுக்கு நான் யார்' என்று அதே பத்திரிகையில் தொடர் வந்தது. எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பாக்கியத்தாயியிடம் சொல்லியிருக்கிறாள், பொய்யில்லை, அவள் கண்ணைப் பார்த்தாலே தெரியும். அந்த வீட்டில் தூங்கி எழுந்த முகத்தோடு யாரையும் நாங்கள் பார்த்ததில்லை.

தொடர் வரும் நாளில் பத்திரிகை கடையில் காலையிலேயே தீர்ந்துவிடும். சலூனில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். அம்மா மகளைத் திருடி என்று திட்டியது வந்தது, சோற்றை மறைத்து வைத்து எறும்பு மொய்த்தது வந்தது. பிறகு ஒரு வாரம், குளியலறையில் அம்மா உடையெல்லாம் அசிங்கம் பண்ணிக்கொண்டு, கழுவ வந்த மகளை அறைந்துவிட்டு, அம்மணமாக மூலையில் உட்கார்ந்து அழுதது வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் புடவை மடிப்பில் ஊக்கு குத்தாமல் வாசல் தாண்டாத மனுஷி அவர். அடுத்த நாள் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது தெருவில் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனோம். தலையைக் குனிந்துகொண்டோமே தவிர, அடுத்த வாரப் பத்திரிகைக்குச் சொல்லிவைக்கவும் மறக்கவில்லை, அந்த மட்டுக்கும் எங்கள் யோக்கியதை எங்களுக்குத் தெரியும்.

அம்மாவிடம் பேச்சு குறையக் குறைய, தொடரில் எழுதுவதற்கு உடம்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அப்போதுதான் ஊரில் போன் அடிப்பது வசுமதி காதுக்கு எட்டியது. எத்தனை நாளைக்கு எட்டாமல் இருக்கும்? அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள், முதலில் சீனியம்மாளிடம் போனாள்.

"சித்தி, அம்மா உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"எனக்கென்ன சொன்னாக? ராங் நம்பர் தாயி."

ஜெயபாண்டியும் ராங் நம்பர் என்றார். வயிற்று வலிக் கணக்குப்பிள்ளையும் ராங் நம்பர் என்றார். ஊரே ஒரு வாய் வைத்துக்கொண்டது.

கடைசியில் அவள் ராவுத்தர் மண்டிக்கு வந்தாள். ஏலக்காய் வாசனையில், பொறுக்குகிற பெண்கள் முறங்களைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் நின்றாள். புடவைத் தலைப்பு ஈரமாக இருந்தது, அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு நேராக வந்திருக்கிறாள்.

"மாமா, எனக்கும் அவங்களுக்கும் நடுவுல இப்ப ஒன்னுமே இல்ல. எங்கப்பா யாருன்னு கேட்டா முழிக்கிறாங்க. நான் பொறந்த நாளு அவங்களுக்குத் தெரியல. ஆனா இந்த ஊருல யாருக்கோ தெரியும். உங்கள்ல யாரோ ஒருத்தர்கிட்ட எங்கப்பாவோட சிரிப்பு இருக்கு. எனக்குக் கொடுக்க மாட்டேங்கிறீங்க."

"எங்களுக்குக் குடுத்தது அம்மா, தாயி. பேரு சொல்லிக் கூப்பிட்டுக் குடுத்தாக."

"நான் மக மாமா."

"அது தெரியாமலா."

"தெரியல உங்களுக்கு. உள்ள இருந்ததெல்லாம் நீங்க ஆளுக்கொரு கை எடுத்துக்கிட்டீங்க. வெறும் உடம்ப எனக்கு விட்டுட்டீங்க. அத நான்தான் கழுவுறேன். கழுவுறத எழுதுனா அசிங்கம்னு மூஞ்சியத் திருப்புறீங்க. வேற எதத்தான் நான் எழுதறது?"

அந்தப் பெண் சொன்னது நியாயம், நாங்கள் வாயை மூடியதும் நியாயம், இரண்டு நியாயத்துக்கு நடுவில் அவள் ஈரத் தலைப்பைப் பிழிந்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பாக்கியத்தாயிக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் அம்சவேணி அம்மாளுக்கு வாழ்நாள் முழுவதும் ரவிக்கை தைத்தவள், வசுமதிக்குப் பாவாடை தைத்தவள். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் வசுமதியை உட்காரவைத்து, தனக்கு வந்த காலை ஒப்பித்துவிட்டாள்.

வசுமதியின் அப்பா செத்த நாளின் கதை அது. அப்பா மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று பலகையில் அம்சவேணி அம்மாள் தனியாள். மதுரையிலிருந்து டிரங்க் வந்தது, ஏலக்காய் மண்டிக்கு, அங்கே வேலை பார்த்த அவருடைய சொந்த அண்ணன் பெயருக்கு. பேசினவர் கணவரின் தம்பி. அண்ணியின் வேலைக்குரல் அவருக்குப் பிடிபடவில்லை. "சாவுச் சேதிம்மா, கொஞ்சம் சீக்கிரமா போட்டுக் குடும்மா" என்று யாரோ ஆபரேட்டரிடம் கெஞ்சுவதுபோல அவரிடமே கெஞ்சினார். "லைன்ல இருங்க" என்று அவர் மண்டிக்கு இணைத்தார். இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்ததும், எல்லோருடைய பேச்சுக்கும் செய்வதைப்போலவே, காதிலிருந்து அந்த லைனை விலக்கிக்கொண்டார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்தபோது, மாற்று ஆள் வராத பலகைக்கு முன்னால் அவர் இன்னும், "நம்பர் சொல்லுங்க, நம்பர் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். புருஷன் செத்த சேதி வந்தும் டூட்டியை விட்டு எழுந்திருக்காத கல்நெஞ்சக்காரி என்று அன்று ஊர் பேசியது. எட்டு வயது வசுமதியும் அதைத்தான் நம்பி வளர்ந்தாள்.

கூண்டுக்குள் அவள் எவ்வளவு நேரம் அழுதாள் என்று பாக்கியத்தாயி யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள், எதற்கு என்று தெரியாமல் அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு அவள் அதை எழுதினாள். எழுதாமல் இருக்க அவளால் முடியவில்லை. அம்மாவுக்கு ஊர் செய்த அநியாயத்தை நேர் செய்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. அந்த வாரம் வெளியூர்களிலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது. நாங்கள் சலூனில் அதை யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை, ஆளுக்கொரு புத்தகம் வாங்கித் தனித்தனியாகப் படித்தோம். வெட்கமாக இருந்தது. பாக்கியத்தாயி தன் டெலிபோனை ஒரு பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி ராவுத்தர் மண்டியில் கொடுத்துவிட்டு, "இனிமே எனக்கு வந்தா நீங்களே இல்லைன்னு சொல்லிருங்கண்ணே" என்றாள்.

பாராட்டு வந்த சந்தோஷத்தில் வசுமதி பத்திரிகையை எடுத்துவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, அதனால் எங்களுக்கும் தெரியும். அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கோயிலில் கதை கேட்கிற மாதிரி கேட்டார். முடிந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"பாவம், யாரு அந்தப் பொம்பள?"

வசுமதி கொஞ்சம் தடுமாறினாள். "தெரிஞ்சவங்கம்மா."

"அவ சொன்னாளா, இதப் பேப்பர்ல போடுன்னு?"

"இல்லம்மா."

"கேட்டியா அவகிட்ட?"

"கேக்க முடியாதும்மா. அவங்களுக்கு இப்ப எதுவும் ஞாபகம் இல்ல."

"ஞாபகம் வர்ற வரைக்கும் காத்திருந்து கேக்கணும்" என்றார் அம்மாள், பயிற்சிக்கு வந்த புதுப் பெண்ணுக்குச் சொல்கிற தோரணையில். "லைன்ல காதுல விழுந்தது நம்மளது இல்ல. அவ எப்பேர்ப்பட்ட மனுஷியா இருந்தா இத இம்புட்டு நாளு உள்ளேயே வச்சிருப்பா? நீ பாட்டுக்கு எடுத்துச் சொல்லிட்ட." சொல்லிவிட்டு, காப்பி வேண்டும் என்றார்.

காப்பி கலக்கப் போனவள் அடுப்பங்கரையிலிருந்து வெகுநேரம் வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்து, தீய்ந்த வாடை தெருவுக்கே வந்தது.

அடுத்த வாரங்களில் தொடர் வரவில்லை. பத்திரிகை ஆசிரியர் விடாமல் கூப்பிட்டார், செல்போனில், உயிருள்ள போனில். புத்தகமாகப் போட ஆள் தயார் என்றார். "ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி வசுமதி. உங்கம்மா உங்களப் பத்தி மனசுல என்ன நினைச்சாங்க? அது மட்டும் வந்துட்டா புத்தகம் முழுசாயிரும்." அவர் கேட்டது புத்தகத்துக்காக. ஆனால் அவளும் பிறந்ததிலிருந்து தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது அதைத்தான், ஏனென்றால் அம்சவேணி அம்மாள் மகளைக் கொஞ்சிப் பேசி நாங்கள்கூடக் கேட்டதில்லை. கேட்டதைச் சொல்லாத பழக்கம் நினைத்ததைச் சொல்லாத பழக்கமாகவும் ஆகிப்போயிருந்தது.

அதற்குள் அம்மாளிடம் எல்லாம் தீர்ந்துவிட்டது. தன் பெயர் தெரியாது, சாப்பிட்டோமா என்பது தெரியாது, பகல் தெரியாது. வசு என்ற பெயர் ஒன்றுதான் மிச்சம். அதைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் கூப்பிட்டார். தண்ணீருக்கு வசு, ஈ உட்கார்ந்தால் வசு, ஒன்றுமே இல்லாவிட்டாலும் வசு. அவள் குளிக்கப் போனால் குளியலறைக் கதவு வசு வசு என்று அதிரும். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கே அந்தக் கூப்பாடு மனப்பாடம்.

அப்படி இருக்கும்போதுதான், இதுவரை ஒரு முறைகூட அடிக்காத அந்த வீட்டு டெலிபோன், டிவிக்குக் கீழே துணி மூடிக் கிடந்த பழைய ஆபீஸ் டெலிபோன், ஒரு முற்பகலில் மணி அடித்தது.

வடக்குத் தெரு முழுவதும் கை வேலையைப் போட்டுவிட்டு நின்றது. மிச்சம் இருப்பது எது, அது யாருக்கு வரும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டிரங்க்ல இருந்து பேசுறேங்க. வசுமதிக்குப் பி.பி. கால். வசுமதி இருக்காளா?"

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அந்தக் குரலை அவள் சின்ன வயதில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்று கேட்டது, அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆசிரியர் கேட்ட அத்தியாயம் அதில் இருக்கிறது, அவள் ஏங்கியது இருக்கிறது, இந்த ஓயாத கூப்பாட்டிலிருந்து விடுதலையும் இருக்கிறது. சொல்லிவிட்டால், சாயங்காலம் அந்தப் பிரம்பு நாற்காலியில் இருப்பவருக்கு வசு என்று ஒருத்தி இருந்ததே தெரியாது.

"வசுமதி இல்லைங்க" என்றாள்.

எங்கள் குரலையெல்லாம் ஒரு மூச்சில் கண்டுபிடித்துவிடுகிற ஆபரேட்டருக்கு இந்தக் குரல் பிடிபடவில்லை. முப்பது வயது அம்சவேணிக்குத் தெரிந்த வசுமதி பள்ளிக்கூடம் போகும் குழந்தை, இப்படிக் களைத்துப்போன குரலில் பேசும் நடுவயதுப் பெண்ணை அவர் எங்கே கண்டார்?

"நீங்க யாருங்க பேசுறது?"

"நான் இந்த வீட்டுல வேலை பாக்குறவங்க."

"அப்படிங்களா. அவ வந்தா அவ அம்மா கூப்பிட்டான்னு சொல்லுங்க. பெண்டிங்ல வைக்கிறேன்."

அன்றிலிருந்து தினமும் அடிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம். ராவுத்தர் கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு நாள் வந்தார்.

"எடுத்துரு தாயி. இது உனக்குன்னு வந்தது. நாங்க எல்லாரும் எடுத்தோம்ல. இத ஒருத்தரும் தப்புன்னு சொல்ல மாட்டாக. நீயும் எம்புட்டு நாளைக்குத்தான் இப்படிக் கெடந்து சாவ?"

"வேணாம் மாமா. அது அம்மாகிட்டயே இருக்கட்டும்."

"அவுக என்ன நெனச்சாகன்னு தெரிஞ்சுக்க உனக்கு ஆசையில்லையா?"

"ஆசையா? உசிரு போகுது மாமா." உள்ளேயிருந்து அம்மா வசு என்று கூப்பிட்டார், அவள் எழுந்து போய்விட்டாள்.

ஆசிரியரிடம் கடைசி அத்தியாயம் கிடையாது என்று சொல்லிவிட்டாள். பாதியில் விட்டால் படிக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கோபித்துக்கொண்டார். அச்சில் வந்தது வந்ததுதான், அதை அவளாலும் திருப்பி எடுக்க முடியாது, அந்தக் குளியலறை இன்னும் யார் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கிறது. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவளுக்கு முடி நரைத்துவிட்டது, முதுகு வலிக்கு ஜெயபாண்டி கடையில் தைலம் வாங்குகிறாள். மணி அடிக்கும்போது நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறோம். இல்லைங்க என்று அவள் சொல்வது கேட்ட பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுகிறோம்.

நேற்றும் அடித்தது. சோறு பிசைந்துகொண்டிருந்தவள் இடது கையால் எடுத்து, இல்லைங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். அம்சவேணி அம்மாள் நாற்காலியிலிருந்து திரும்பினார்.

"யாரு வசு போன்ல?"

"வசுமதி இருக்காளான்னு கேக்குறாங்கம்மா."

"நீ என்ன சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேன்."

அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படி ஒரு கோபத்தை அந்த முகத்தில் பார்த்து வருடங்கள் ஆகின்றன. "இங்கனயே உக்காந்துக்கிட்டு இல்லைன்னு சொல்லுவியா? அங்கிட்டு ஒருத்தி லைனப் பிடிச்சுக்கிட்டு காத்துக் கெடக்காளே, அவ பாடு என்னன்னு உனக்குத் தெரியுமா? இருந்தா இருக்கேன்னு சொல்லணும் வசு. எங்க, சொல்லு."

"இருக்கேம்மா" என்று அம்மாவிடம் சொன்னாள் வசுமதி. அதற்குள் மறுபடியும் மணி அடித்தது. எடுத்து, "அவ இன்னும் வரலைங்க" என்றாள்.